கவுன்சிலிங்குக்கு முன்னால் கட்டிய 25,000 ரூபாய்

2019 ஏப்ரல் 19 பிளஸ் டூ ரிசல்ட். அதற்கு நான்கு நாள் முன்பே எங்கள் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டார். சேலம் அம்மாபேட்டையில் தறிக் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு அறை கொண்ட வாடகை வீடு எங்களுடையது. என் பெயர், அப்பா பெயர், நான் படித்த அரசுப் பள்ளி, எடுத்த குரூப் எல்லாம் அவர் கையில் இருந்த காகிதத்தில் அச்சாகியிருந்தது. எங்கிருந்து கிடைத்தது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நம்மைத் தேடி ஒரு பொறியியல் கல்லூரியே ஆள் அனுப்பியிருக்கிறதே என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. தறியை நிறுத்திவிட்டு, கையில் ஒட்டியிருந்த பஞ்சைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். "அண்ணே, பாப்பா நல்லா படிக்குது, எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்ல, அதான் இ.சி.இ.யில, ஒரு சீட் இப்பவே போட்டு வெச்சுக்குங்க. கவுன்சிலிங் அது இதுன்னு அலைஞ்சா எங்கயாவது கன்னியாகுமரி பக்கம் தூக்கிப் போட்டுருவாங்க, பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவீங்களா?" என்று அவர் கேட்டார். அந்தக் கடைசிக் கேள்வியில்தான் எங்கள் வீடு விழுந்தது.

அன்று சாயங்காலமே அப்பா தறி முதலாளியிடம் 50,000 முன்பணம் வாங்கினார். கூலித் தறி ஓட்டுகிறவர்களுக்கு முன்பணம் என்றால் என்ன அர்த்தம் என்று தெரியும். அது தீரும்வரை வேறு கொட்டகைக்குப் போக முடியாது, கூலி குறைவு என்று வாய் திறக்கவும் முடியாது. அதில் 25,000 ரூபாயை "சீட் புக்கிங்" என்று அந்த ஆளிடம் கொடுத்தோம். ரசீது தரவில்லை, ஒரு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ரிசல்ட் வந்ததும் மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லா ஒரிஜினலையும் கல்லூரி ஆபீசில் ஒப்படைத்தோம். இதையெல்லாம் நாங்களே, சந்தோஷமாகச் செய்தோம்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் பிளஸ் டூ பிள்ளை இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மார்க் வரிசைப்படி அரசு சீட் ஒதுக்கும் கவுன்சிலிங் முடியும்வரை ஒரிஜினல் சான்றிதழை எந்தக் கல்லூரியிடமும் கொடுக்காதீர்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும், நகல் வைத்துக்கொள்ளட்டும். ஒரிஜினலைக் கல்லூரி தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளவே கூடாது என்று பொறியியல் கல்லூரிகளை நெறிப்படுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யும் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யும் விதியே போட்டிருக்கின்றன. ரசீது இல்லாமல் கொடுக்கிற பணம் கொடுத்த நிமிடமே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கைக்கு நன்கொடை வாங்குவதைத் தடுக்க தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்தாயிற்று. ஆனால் கையில் ரசீது இல்லாதவர் அந்தச் சட்டத்தை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

என் கட்-ஆஃப் 156. கணக்கில் 78, இயற்பியலில் 76, வேதியியலில் 80. கணக்கு அப்படியே, மற்ற இரண்டும் பாதிப் பாதி, மொத்தம் 200-க்கு. இது பெரிய மார்க் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்த மார்க்குக்குக் கவுன்சிலிங்கில் என்ன கிடைக்கும் என்று நான் பார்க்கவே இல்லை. மே மாதம் விண்ணப்பம் போடச் சொல்லி வேதியியல் டீச்சர் போன் செய்தபோது, "எனக்கு சீட் கிடைச்சிருச்சு டீச்சர்" என்று சொல்லிவிட்டேன். கன்னியாகுமரி கதையும் பொய்தான். கவுன்சிலிங்கில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று வரிசைப்படுத்திக் கொடுப்பது நாம்தான். நாம் எழுதாத கல்லூரியில் யாரும் நம்மைத் தூக்கிப் போட மாட்டார்கள். சேலம், நாமக்கல், ஈரோடு கல்லூரிகளை மட்டும் எழுதலாம். 2018 முதல் எல்லாம் ஆன்லைனில்தான், சென்னைக்குப் போக வேண்டிய தேவையும் இல்லை. எழுதியதில் எதுவும் கிடைக்காவிட்டால் அடுத்து துணைக் கவுன்சிலிங் இருக்கிறது, கல்லூரியே நேரடியாக நிரப்புகிற, நான் சேர்ந்த மேனேஜ்மென்ட் கோட்டாவைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம். அதுவரை காத்திருந்தாலும் சீட் எங்கும் ஓடிவிடாது. நான் சேர்ந்த வருடம் எங்கள் கல்லூரியிலேயே பல பிரிவுகளில் பாதி பெஞ்ச் காலியாகக் கிடந்தது.

ஜூலையில் டி.சி. நகல் வாங்கப் பள்ளிக்குப் போனபோதுதான் அந்த டீச்சர் உட்காரவைத்து விவரமாகச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் யாருமே டிகிரி படித்ததில்லை, அதனால் எனக்குக் கட்டணத்தில் முதல் பட்டதாரிச் சலுகை உண்டு, ஆனால் கவுன்சிலிங் வழியாகப் போனால் மட்டும்தான் என்றார். அந்தச் சொல்லையே அன்றுதான் முதல்முறை கேட்டேன். மறுநாள் நானும் அப்பாவும் கல்லூரிக்குப் போய்ச் சான்றிதழைத் திருப்பிக் கேட்டோம். வகுப்பு தொடங்க இன்னும் நாள் இருந்தது. ஆபீசில் இருந்தவர் முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை. "சீட்டை வேஸ்ட் பண்ணிட்டுப் போறதா இருந்தா நாலு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு வாங்கிட்டுப் போங்க" என்றார். அப்பா அங்கேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரிடமும் அப்படி நின்று நான் அவரைப் பார்த்ததில்லை. திரும்பும்போது பஸ்ஸில் நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அன்று எங்களுக்குத் தெரியாமல் போனது இதுதான்: வகுப்பு தொடங்குவதற்கு முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதி முழுவதையும் திருப்பித் தர வேண்டும், சான்றிதழையும் கொடுத்துவிட வேண்டும் என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. கலை அறிவியல் கல்லூரிகளுக்கு யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்பு இருக்கிறது. சேர்க்கைக் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் முழுப் பணம், நாள் போகப் போக 90, 80, 50 சதவீதம் என்று குறையும், கடைசி நாள் தாண்டி 30 நாளும் போய்விட்டால் எதுவும் கிடையாது. விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், மின்னஞ்சலும் போடுங்கள். வாயால் கேட்டுவிட்டு வாயால் பதில் வாங்கி வந்ததால்தான் நாங்கள் தோற்றோம்.

அக்டோபரில் ஒரு நாள் ஃபீஸ் கவுன்டரில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் என் பெஞ்சிலேயே உட்காரும் ஓமலூர்ப் பெண். அவள் கட்-ஆஃப் 141. அதே கல்லூரி, அதே இ.சி.இ., அதே வகுப்பறை, கவுன்சிலிங் வழியாக வந்தவள். அவள் ரசீதை மடிக்கும்போது தொகையைப் பார்த்தேன், 30,000. என் ரசீதில் 87,000. ஏதோ முதல் தவணை போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, வருடத்துக்கே அவ்வளவுதான். கட்டண நிர்ணயக் குழு 2017-ல் வைத்த கணக்கு அது. அங்கீகாரம் பெற்ற பிரிவுக்குக் கவுன்சிலிங் சீட் என்றால் 55,000, மேனேஜ்மென்ட் சீட் என்றால் 87,000. அவள் முதல் பட்டதாரி என்பதால் அந்த 55,000-லும் 25,000 ரூபாயை அரசாங்கம் கட்டிவிடுகிறது. இரண்டு ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே நீல மை, ஒரே சீல். அவளுக்கே சங்கடமாகிவிட்டது, ரசீதைப் பையில் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவை நான் திறக்கவில்லை.

வருடத்துக்கு 57,000 வித்தியாசம், நாலு வருடத்துக்கு 2,28,000. இதில் ரசீது இல்லாமல் போன 25,000 சேராது. "டிரெயினிங்", "இதர கட்டணம்" என்று வருடா வருடம் தனியாக வாங்கிய 23,000 சேராது, கல்லூரி பஸ்ஸுக்குக் கட்டியதும் சேராது. என் அப்பாவுக்கு அப்போது வாரக் கூலி 2,500 தாண்டாது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தறிக்கு நூலைத் தார் சுற்றிக் கொடுப்பதையும் சேர்த்துத்தான் அந்தக் கூலி.

பேங்க் லோன் கதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் அதிகம் போனது அங்கேதான். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டு ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு வங்கிக் கிளைக்கு எத்தனை முறை நடந்தோம் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் அப்பாவுக்கு அரை நாள் கூலி போகும். முதலில் "வீட்டுப் பத்திரம் இருக்கா" என்றார்கள், எங்களுக்கு வீடே கிடையாது. நாலு லட்சம் வரைக்கும் எந்த அடமானமும் கேட்கக் கூடாது, பெற்றோர் கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று தெரிந்திருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். கடைசியில் கிடைத்தது 3,48,000. நாலு வருடமும் 87,000, 87,000 என்று நேராகக் கல்லூரிக்குப் போனது. வட்டி 11 சதவீதத்தை ஒட்டி. படிக்கும்போது கட்ட வேண்டாம், படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துக் கட்டினால் போதும் என்றார்கள். கட்ட வேண்டாம் என்றால் வட்டியே ஓடாது என்று நான் புரிந்துகொண்டேன். முதல் நாளிலிருந்தே ஓடிக்கொண்டுதான் இருந்தது.

குடும்ப வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், கல்வித் தரத்தை மதிப்பிடும் நாக் அல்லது என்.பி.ஏ. அமைப்பின் அங்கீகாரம் உள்ள இடத்தில் தொழிற்கல்வி படிக்கிறவர்களுக்குப் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் ஓடும் வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009-லிருந்து இருக்கிறது. எங்கள் வருமானம் அதில் பாதிகூட இல்லை, கல்லூரிக்கு அங்கீகாரமும் இருந்தது. தாசில்தார் தரும் வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுத்து, என் பெயரை அந்தத் திட்டத்தில் ஏற்றியிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. 2024-ல் தவணை தொடங்கும் முன் கணக்கைக் கேட்டபோது ஏறக்குறைய 4,82,000 நின்றது. தவறு கிளையுடையது என்று வாதாடிப் பார்த்தேன். அந்தந்த வருடமே கேட்டிருக்க வேண்டும், இப்போது ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். வட்டி மட்டும் 1,34,000. மாதம் 6,640 வீதம் பத்து வருடம். வாங்கிய மூன்றரை லட்சத்துக்கு எட்டு லட்சத்தை ஒட்டிக் கட்டி முடிப்பேன்.

அதனால் லோன் கிடைத்ததும் முதல் வேலையாக வருமானச் சான்றிதழை எழுத்து மூலம் வங்கியில் கொடுத்து, ஏற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஒவ்வொரு வருடமும் ஸ்டேட்மென்ட் எடுத்து, வட்டி மானியம் வரவு வைத்திருக்கிறார்களா என்று நீங்களே பாருங்கள். மானியம் வராது என்று தெரிந்தால் படிக்கும்போதே மாதம் ஐந்நூறு, ஆயிரம் என்று வட்டிப் பக்கம் கட்டிவிடுங்கள், வட்டியை விடாமல் கட்டுகிறவர்களுக்குப் பல வங்கிகள் ஒரு சதவீதம் குறைக்கவும் செய்கின்றன. 2024 நவம்பரில் பி.எம். வித்யாலட்சுமி என்று புதிதாக ஒன்றும் வந்திருக்கிறது. எட்டு லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கு மூன்று சதவீத வட்டி மானியம் அதில் உண்டு. ஆனால் அது குறிப்பிட்ட தரவரிசைக் கல்லூரிகளுக்கு மட்டும்தான், சேரும் முன்பே பட்டியலைப் பாருங்கள்.

என்னைவிட மோசமாக மாட்டியவள் ஒருத்தி எங்கள் வகுப்பில் இருந்தாள். ஏற்காட்டுக்கு மேலே ஒரு கிராமம், மலையாளி என்ற பழங்குடிச் சமூகம், அப்பா அம்மா இருவருக்கும் காபித் தோட்டத்தில் வேலை. சேர்வராயன் மலை மக்களுக்கு எஸ்.டி. சான்றிதழ் தருவது வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ., தாசில்தார் இல்லை. அந்த ஒரு காகிதத்துக்காக அவள் அப்பா இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்கு வருவதும், அதிகாரி இல்லை என்று மறுபடி ஏறுவதுமாக மாதக்கணக்கில் அலைந்தார். அது கைக்கு வருவதற்குள் சீட் போய்விடும் என்று பயமுறுத்தி அவளையும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்தார்கள். ஸ்காலர்ஷிப் வந்ததும் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்கு, பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிறவர்களுக்கான அந்த போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடையாது. அது கல்லூரிக்குத் தெரிந்திருக்கும், அவளுக்குத் தெரியாது. இரண்டாம் வருடம் கொரோனாவில் ஆன்லைன் வகுப்பு. மலையில் சிக்னல் வராமல் ஒரு பாறை மேல் ஏறி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் வருடம் கல்லூரி திறந்தபோது அவள் வரவில்லை. அவளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே சாதிச் சான்றிதழ் வேலையைத் தொடங்கிவிடுங்கள், குறிப்பாக மலையில் இருப்பவர்கள்.

2023 மே மாதம் டிகிரி முடித்தேன். படிப்பே வீண் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அதனால்தான் இன்று ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். தொடக்கச் சம்பளம் 14,000, இப்போது 21,000. அதில் 6,640 லோனுக்குப் போனாலும் அப்பா இரவு ஷிப்டை விட்டுவிட்டார். ஆனால் இதே படிப்பு, இதே வேலை, 1,20,000 ரூபாயில் கிடைத்திருக்கும். அடகில் முழுகிப்போன அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி கழுத்தில் இருந்திருக்கும்.

அதே 2023-ல் என் தங்கை பிளஸ் டூ முடித்தாள். இந்த முறை எல்லாக் காகிதத்தையும் நானே கையில் எடுத்தேன். முதல் பட்டதாரிச் சான்றிதழ் அவளுக்கு எடுக்கலாம் என்று இ-சேவை மையத்துக்குப் போனேன். அங்கே கேட்ட முதல் கேள்வி, "வீட்ல வேற யாராவது டிகிரி முடிச்சிருக்காங்களா?" நான்தான் முடித்திருக்கிறேன். அந்தச் சலுகையில் ஒரு பைசாகூட வாங்காமல், எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி என்ற இடத்தை மட்டும் நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். நான் தவறவிட்டது என்னோடு போகவில்லை, என் தங்கைக்கும் சேர்த்துத்தான் போனது. அந்த மையத்தின் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அவளைக் காப்பாற்றியது 7.5 சதவீத ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020-ல் வந்தது, பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021-ல் சட்டமாக வந்தது. கல்விக் கட்டணம், விடுதி, கவுன்சிலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. இதுவும் கவுன்சிலிங் வழியாக வந்தால்தான். நானும் ஆறிலிருந்து அதே பள்ளிதான், எனக்கு இரண்டு வருடம் தள்ளி வந்தது. தங்கைக்குக் கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரி கிடைத்தது. காலையில் டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லாமல் போகிறாள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. ஒரே வீடு, ஒரே தறிச் சத்தத்தில் படித்த இரண்டு பெண்கள். இலவசம் கொடுத்து நாட்டைக் கெடுக்கிறார்கள் என்று யாராவது பேசும்போது எனக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அரசுப் பணம் ஒரு வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும், வராவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டில் வந்து பார்க்கட்டும். அரசிடம் எனக்கு ஒரே குறைதான். இத்தனை திட்டம் போட்டவர்கள், அந்த ஏஜென்ட் வருவதற்கு முன்னால் எங்கள் வாசலுக்கு ஒருவரையாவது அனுப்பியிருக்கலாம். பதினோராம் வகுப்பிலேயே பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் சொன்னால் போதும்.

இந்த வருடம் எங்கள் தெருவில் மூன்று பிள்ளைகள் பிளஸ் டூ. ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது என்பதால் கொட்டகையிலேயே பாய் விரித்து உட்கார்ந்து ஒவ்வொருவர் காகிதத்தையும் பார்த்தோம். இரண்டு பேருக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் இ-சேவையில் தலா 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தாயிற்று. மூன்றாவது பையன் வீட்டுக்குப் போன வாரமே ஒரு ஆள் வந்து போயிருக்கிறார், அவன் அம்மா 10,000 எடுத்து வைத்திருக்கிறார். "அக்கா, அம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க" என்கிறான். என் இரண்டு காகிதத்தையும், 87,000 ரசீதையும் வங்கி ஸ்டேட்மென்ட்டையும், எடுத்துக்கொண்டு நாளை சாயங்காலம் போகிறேன்.